பிறவியும் ஈட்டமும்: கோளக் கொத்து விண்மீன்களின் வேதியியல் வேறுபாடுகள்

ஒரே முகிலில், ஒரே காலத்தில், ஒரே கலவையிலிருந்து பிறந்த விண்மீன்களின் கூட்டம். கோளக் கொத்துகளைப் பற்றி வானியல் பாடநூல்கள் நெடுங்காலம் இப்படித்தான் சொல்லி வந்தன. அந்த வரையறை வசதியானதும்கூட. கொத்தின் எல்லா விண்மீன்களுக்கும் வயது, கலவை, தொலைவு மூன்றும் ஒன்றே என்றால், அவற்றிடையே மாறுவது நிறை மட்டும்தான். நிறை மிக்கது முந்தி மூப்படையும், குறைந்தது பிந்தும். ஆகவே ஒரே கொத்தின் பல்லாயிரம் விண்மீன்களை ஒருசேரப் பார்த்தால் ஒரு விண்மீனின் முழு ஆயுளையும் பார்த்ததாகிவிடும். விண்மீன் பரிணாமக் கோட்பாடு வளர்ந்ததே இந்த ஆய்வுக்கூடத்தில்தான்.

நம் பால்வழியில் 150-க்கு மேற்பட்ட கோளக் கொத்துகள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றின் வயது 1,000 கோடி முதல் 1,300 கோடி ஆண்டுகள் வரை. நுணுக்கமாக ஆராயப்பட்டவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த வரையறை பொய்த்துவிட்டது. இரும்பின் அளவு ஒன்றாக இருக்க, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், சோடியம், மக்னீசியம், அலுமினியம், ஹீலியம் ஆகியவை விண்மீனுக்கு விண்மீன் மாறுகின்றன. இந்த வேறுபாடுகள் விண்மீன் வாழ்ந்து ஈட்டியவையா, பிறக்கும்போதே கொண்டுவந்தவையா? இரண்டும் உண்டு என்பது இன்றைய விடை. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய 30 ஆண்டுகள் பிடித்தன. இன்று மீதமிருக்கும் பெரிய புதிரும் பெருமளவு இந்தப் பிரிப்பையே நம்பியிருக்கிறது.

செம்பெருமீன்கள் காட்டிய முரண்

1971-இல் வெயின் ஆஸ்போர்ன் எம் 5, எம் 10 கொத்துகளின் இரண்டு செம்பெருமீன்களில், அதாவது மூப்பில் உப்பிச் சிவந்த விண்மீன்களில், சயனோஜன் பட்டைகள் வழக்கத்தை மீறி வலுவாக இருப்பதைக் கண்டார். சயனோஜன் கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறு. அது வலுத்தால் நைட்ரஜன் மிகுந்திருக்கிறது என்று பொருள். அடுத்த பத்தாண்டில் இது ஓரிரு விண்மீன்களின் விந்தை என்ற நிலை மாறியது. என்ஜிசி 6752 போன்ற கொத்துகளில் செம்பெருமீன்கள் சயனோஜன் வலுத்தவை, மெலிந்தவை என இரு கூறாகப் பிரிந்து நின்றன.

1981-இல் காட்ரெல், டா கோஸ்டா இருவரும் 47 துக்கானே, என்ஜிசி 6752 ஆகியவற்றில் சயனோஜன் வலுத்த விண்மீன்களில் சோடியமும் கூடியிருப்பதைக் காட்டினர். 1990-களில் லிக் வான் ஆய்வகத்தையும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த கிராஃப்ட், ஸ்னீடன் குழுவினர் கொத்து கொத்தாக அளந்து ஒரு விதியை நிறுவினர்: சோடியம் ஏறினால் ஆக்சிஜன் இறங்கும். சில கொத்துகளில் அலுமினியம் ஏற, மக்னீசியமும் இறங்குகிறது. பால்வழியின் பொதுவெளியில் திரியும் அதே வகை விண்மீன்களில் இந்த உறவு காணப்படுவதில்லை. அது கோளக் கொத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இந்த எதிர்மாறு உறவின் அணுக்கரு அடிப்படையைச் சோவியத் ஆய்வாளர்கள் டெனிசென்கோவ், டெனிசென்கோவா 1990-இல் விளக்கினர். ஹைட்ரஜன் மிக உயர்ந்த வெப்பத்தில் எரியும்போது கார்பனும் ஆக்சிஜனும் நைட்ரஜனாக மாறுகின்றன. ஏறத்தாழ 5 கோடி கெல்வினை நெருங்கும்போது நியான் புரோட்டானைப் பற்றிச் சோடியமாகிறது. 7 கோடி கெல்வின் அளவில் மக்னீசியம் அலுமினியமாகிறது. ஆகவே நாம் காணும் வேறுபாடுகள் அனைத்தும் ஒரே வகை உலையில், அதாவது ஹைட்ரஜன் எரியும் உலையில், வெவ்வேறு வெப்பங்களில் உண்டானவை. இந்த முடிவு அன்றிலிருந்து அசையவில்லை. அந்த உலை எங்கே இருந்தது என்பதில்தான் வழக்கு தொடங்கியது.

விண்மீன் தானே செய்துகொள்வது

முதல் ஐயம் அந்த விண்மீன்கள்மீதே விழுந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. கருவில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் விண்மீன் உப்பத் தொடங்குகிறது. அதன் மேலடுக்கின் வெப்பச்சலனம் ஆழத்துக்கு இறங்கி, அரைகுறையாக வினைப்பட்ட பொருளைப் புறப்பரப்புக்கு அள்ளி வருகிறது. இதனால் கார்பன் சற்றுக் குறைகிறது, நைட்ரஜன் கூடுகிறது. 25 லட்சம் கெல்வினிலேயே அழிந்துவிடும் லித்தியம் மிகவும் நீர்த்துப்போகிறது. இந்த 'முதல் அள்ளல்' கோட்பாடு முன்னரே கணித்ததுதான்.

கோட்பாடு எதிர்பாராததும் நடக்கிறது. கார்பன்-12, கார்பன்-13 இரண்டுக்கும் உள்ள விகிதம் சூரியனில் ஏறத்தாழ 90. முதல் அள்ளலுக்குப் பின் அது 20 முதல் 30 வரை இறங்க வேண்டும். கோளக் கொத்துகளின் ஒளிமிக்க செம்பெருமீன்களிலோ அது 10-க்கும் கீழே கிடக்கிறது. எம் 92 போன்ற இரும்பு குறைந்த கொத்துகளில் செம்பெருமீன் ஒளி ஏற ஏறக் கார்பன் தொடர்ந்து சரிகிறது. முதல் அள்ளல் முடிந்த பிறகும் ஏதோவொரு கலப்பு தொடர்கிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. ஹைட்ரஜன் எரியும் ஓடு வெளிநோக்கி நகர்ந்து, முதல் அள்ளல் விட்டுச்சென்ற கலவை எல்லையைக் கடந்த பிறகே இந்தக் கூடுதல் கலப்பு தொடங்குகிறது. இதற்கு 2007-இல் ஷார்போனெல், ஸான் இருவரும் முன்வைத்த விளக்கம் பரவலாகப் பேசப்படுவது. இரண்டு ஹீலியம்-3 அணுக்கருக்கள் இணைந்தால் ஒரு ஹீலியம்-4 கருவும் இரண்டு புரோட்டான்களும் வரும். துகள்கள் பெருகுவதால் அந்த அடுக்கின் சராசரித் துகள் எடை குறைகிறது. கனம் குறைந்த பொருளுக்கு மேல் கனத்த பொருள் அமர்ந்து, கலங்கல் உண்டாகிறது.

கலப்பு இவ்வளவு ஆழம் போகுமானால், இன்னும் சற்று ஆழம் போய்ச் சோடியத்தையும் அள்ளி வரக்கூடாதா? செம்பெருமீனின் எரியும் ஓட்டில் 5 கோடி கெல்வின் கிட்டாத வெப்பமல்ல. எம் 13-இல் ஆக்சிஜன் மிக வற்றிய விண்மீன்கள் செம்பெருமீன் கிளையின் உச்சியருகே தென்பட்டதும் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. அன்று கிடைத்த நல்ல நிறமாலைகள் எல்லாமே ஒளிமிக்க செம்பெருமீன்களுடையவை என்பதை மறந்துவிடக் கூடாது. மூத்த விண்மீன்களை மட்டுமே பார்த்தால் பிறவியும் ஈட்டமும் ஒன்றாகத்தான் தெரியும்.

மூப்படையாதவை சொன்ன சாட்சி

வழக்கின் திருப்பம் இத்தாலியின் ரஃபாயெலே கிராட்டன் குழுவினரிடமிருந்து வந்தது. 2000-இல் அவர்கள் பொதுவெளியில் உள்ள இரும்பு குறைந்த செம்பெருமீன்களை ஆராய்ந்தனர். கார்பனும் லித்தியமும் எதிர்பார்த்த கட்டத்தில் விழுந்தன. சோடியமும் ஆக்சிஜனும் அசையவே இல்லை. அடுத்த ஆண்டு, சிலி நாட்டின் பரானால் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, இன்னும் செம்பெருமீன் ஆகாத, கருவில் ஹைட்ரஜன் எரியும் முதன்மை வரிசையை விட்டு விலகும் தறுவாயில் நிற்கும் என்ஜிசி 6752 விண்மீன்களை அளந்தனர். அவற்றிலும் அதே சோடியம்-ஆக்சிஜன் எதிர்மாறு உறவு இருந்தது.

இந்த விண்மீன்களின் மையமே 2 கோடி கெல்வின் அளவில்தான் இருக்கிறது. சோடியம் செய்ய அது போதாது. செய்தாலும் மேலே கொண்டுவர ஆழ்ந்த வெப்பச்சலனம் அவற்றுக்கு இல்லை. ஆகவே அந்தச் சோடியம் வேறெங்கோ உண்டாகி, இவை பிறந்த வாயுவிலேயே கலந்திருக்க வேண்டும்.

ஒரு தப்பிக்கும் வழி மிச்சமிருந்தது. பிறந்த பின் மாசுற்ற வாயுவில் நீந்தி, மேற்பரப்பில் மட்டும் பூசிக்கொண்டிருக்கலாமே? அப்படியானால் செம்பெருமீன் ஆகும்போது ஆழ்கலப்பில் அந்தப் பூச்சு கரைந்துபோக வேண்டும், கரையவில்லை. மேலும், தன் ஈர்ப்பால் வாயுவைத் திரட்டும் திறன் நிறை குறையக் குறைய வேகமாகச் சரியும். ஆனால் ஹபிள் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களில் சூரியனின் பாதி நிறைகூட இல்லாத செங்குறுமீன்களும் அதே பிரிவுகளைக் காட்டுகின்றன. வேறுபாடு மையம் வரை ஊறியது.

2009-இல் யூஜீனியோ கரெட்டா குழுவினர் 15 கொத்துகளில் 1,409 செம்பெருமீன்களை அளந்து வெளியிட்டபோது ஒட்டுமொத்தப் படம் தெளிந்தது. பொதுவெளி விண்மீன்களை ஒத்த கலவை கொண்டவை மூன்றில் ஒரு பங்கு. சோடியம் கூடி ஆக்சிஜன் குறைந்தவை மூன்றில் இரண்டு. முன்னதை முதல் தொகுதி என்றும் பின்னதை இரண்டாம் தொகுதி என்றும் சொல்வது வழக்கம். விதிவிலக்கென்று கருதப்பட்டவையே பெரும்பான்மையாக இருந்தன.

ஹீலியம் எனும் மறைபொருள்

ஹைட்ரஜன் எரிந்த சாம்பல் ஹீலியம். சோடியம் வந்த இடத்திலிருந்து ஹீலியமும் வந்திருக்க வேண்டும். ஆனால் குளிர்ந்த விண்மீன்களின் ஒளிமண்டலத்தில் ஹீலியம் கோடுகள் உருவாவதில்லை. நிறமாலையால் அதை எளிதில் பிடிக்க முடியாது. அதைக் காட்டிக்கொடுத்தது நிறம்.

ஒமேகா செந்தாரி நம் பால்வழியின் மிகப் பெரிய கோளக் கொத்து. தமிழ்நாட்டிலிருந்து கோடைகால முன்னிரவுகளில் தென்வானில் வெறுங்கண்ணாலேயே காணலாம். 2004-இல் பெடின் குழுவினர் அதன் முதன்மை வரிசை இரண்டாகப் பிளந்திருப்பதை ஹபிள் படங்களில் உறுதிசெய்தனர். அடுத்த ஆண்டு பியோட்டோ குழுவினர் நிறமாலை எடுத்தபோது வியப்பு கூடியது. இரும்பு மிகுந்த விண்மீன் சிவந்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கோ நீலச்சாய்வு கொண்ட வரிசையே இரும்பு மிகுந்தது. நிறையில் 40 விழுக்காட்டை நெருங்கும் ஹீலியம் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். பெருவெடிப்பு தந்த ஹீலியம் 25 விழுக்காடுதான். 2007-இல் என்ஜிசி 2808-இன் முதன்மை வரிசை மூன்றாகப் பிரிந்து நிற்பது தெரிந்தது.

பிறகு ஹபிளின் புறஊதா வடிகட்டிகள் முறையான கணக்கெடுப்புக்கு வழிவிட்டன. ஒன்று ஆக்சிஜன் சார்ந்த மூலக்கூறுக்கும், ஒன்று நைட்ரஜன் சார்ந்ததற்கும், ஒன்று கார்பன் சார்ந்தவற்றுக்கும் கூருணர்வு கொண்டது. மூன்றையும் சேர்த்தால் நிறமாலை எடுக்காமலேயே ஆயிரக்கணக்கான விண்மீன்களைத் தொகுதி பிரிக்கலாம். அன்டோனினோ மிலோனே குழுவினர் 2017-இல் 57 கொத்துகளுக்கு இப்படி வரைபடம் வெளியிட்டனர். முதல் தொகுதியின் பங்கு கொத்துக்குக் கொத்து 8 முதல் 67 விழுக்காடு வரை மாறியது. கொத்தின் நிறை கூடக்கூட இரண்டாம் தொகுதியின் பங்கு கூடுகிறது. ஹீலிய வேறுபாட்டின் வீச்சும் கூடுகிறது. நிறையோடு இப்படி ஒட்டிவரும் உறவை விளக்காத எந்தக் கோட்பாடும் நிற்காது. மறுமுனையில், ருப்ரெக்ட் 106 போன்ற நிறை குறைந்த சில கொத்துகளில் இரண்டாம் தொகுதி தென்படவே இல்லை.

மூப்பில் விரியும் பிறவி வேறுபாடு

பிறவிக் கலவை விண்மீனின் வாழ்க்கைப் பாதையையே மாற்றுகிறது. ஹீலியம் மிகுந்த விண்மீன் சூடாகவும் ஒளியாகவும் எரிந்து விரைவில் மூப்படையும். 1,200 கோடி ஆண்டு வயதுள்ள கொத்தில் இன்று செம்பெருமீன் ஆகிக்கொண்டிருப்பது சாதாரண விண்மீனானால் அதன் நிறை சூரியனில் 0.8 பங்கு. ஹீலியம் 40 விழுக்காடானால் 0.6 பங்கை ஒட்டியது. செம்பெருமீன் கட்டத்தில் வெளி அடுக்குகளை இழந்த பின், மெலிந்த இந்த விண்மீன் கருவில் ஹீலியம் எரியும் கிடைமட்டக் கிளையின் சூடான நீல முனையில் போய் அமரும்.

1960-களிலிருந்து நீடித்த ஒரு புதிர் இங்கே பெரும்பகுதி அவிழ்ந்தது. எம் 3, எம் 13 இரண்டுக்கும் இரும்பின் அளவு ஏறக்குறைய ஒன்று; ஆனால் எம் 13-இன் கிடைமட்டக் கிளை முழுக்க நீலத்தில் கிடக்கிறது. வயது வேறுபாடு மட்டும் இதற்குப் போதவில்லை. 2011-இல் மரினோ குழுவினர் எம் 4-இன் கிடைமட்டக் கிளையை நேரடியாகவே சோதித்தனர். சிவந்த பகுதியில் இருந்தவை சோடியம் குறைந்தவை; நீலப் பகுதியில் இருந்தவை சோடியம் மிகுந்தவை. பிறவிக் கலவைதான் மூப்பில் இடத்தைத் தீர்மானிக்கிறது. இந்தச் சூடான விண்மீன்கள் புறஊதாவில் பளிச்சிடுபவை. 2015-இல் ஏவப்பட்ட இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி என்ஜிசி 1851, என்ஜிசி 2808 போன்ற கொத்துகளில் அவற்றை ஆராய்ந்தது இதனால்தான்.

இதற்கடுத்த கட்டத்தில் சச்சரவு எழுந்தது. என்ஜிசி 6752-இல் சோடியம் மிகுந்த எந்த விண்மீனும் இரண்டாம் முறை பெருத்து ஏறும் கட்டத்தை எட்டுவதில்லை என்று காம்ப்பெல் குழுவினர் 2013-இல் அறிவித்தனர். கோட்பாடு இவ்வளவு பெரிய இழப்பை எதிர்பார்க்கவில்லை. 2016-இல் லாப்பென்னா குழுவினர் மறுபடி அளந்து, அக்கட்டத்தில் இரண்டாம் தொகுதி இருக்கவே செய்கிறது, ஹீலியம் மிக மிகுந்தவை மட்டுமே காணோம் என்றனர். மூத்த விண்மீன்களின் அளவீடுகளில் வளிமண்டல மாதிரிகளின் சிறு பிழையும் முடிவைப் புரட்டிவிடும் என்பதற்கு இந்த வழக்கு நல்ல சான்று.

உலை எது?

கொத்தின் வாயுவை மாசுபடுத்திய மூத்தவை எவை? சூப்பர்நோவாக்களை முதலிலேயே விலக்கிவிடலாம். அவை வெடித்திருந்தால் இரும்பும் கூடியிருக்கும். பெரும்பாலான கொத்துகளில் இரும்பின் சிதறல் 10 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வெடிப்பின் பொருள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சீறுவதால் கொத்தின் ஈர்ப்பும் அதைப் பிடித்து நிறுத்தாது. ஒமேகா செந்தாரி, எம் 54 போன்ற சிலவற்றில் மட்டும் இரும்பே மாறுகிறது. எம் 54 தனுசுக் குறுமண்டலம் என்னும் சிறு விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருப்பது. ஒமேகா செந்தாரியும் அப்படிக் கரைந்துபோன ஒரு குறுமண்டலத்தின் கருவே எனப் பலர் கருதுகின்றனர்.

எஞ்சியவர்களில் நான்கு பேர் முதன்மையானவர்கள். முதலாவது, சூரியனைப் போல் 5 முதல் 8 மடங்கு நிறையுள்ள விண்மீன்களின் முதிர்ந்த கட்டம். அவற்றின் வெப்பச்சலன அடுக்கின் அடியிலேயே ஹைட்ரஜன் கொதித்து எரியும். காற்றும் மெல்ல வீசுவதால் கொத்து அதைத் தக்கவைக்கும். ஆனால் அந்த வெப்பத்தில் ஆக்சிஜனோடு சோடியமும் அழியும் என்பதால், தூய வாயுவை அளவாகக் கலந்தால்தான் எதிர்மாறு உறவு வரும். இரண்டாவது, 20 மடங்குக்கு மேல் நிறையுள்ள, விரைந்து சுழலும் விண்மீன்கள். இவற்றின் பொருளிலிருந்து புதிய விண்மீன்கள் பிறப்பதற்குள் சூப்பர்நோவா குறுக்கிடும். மூன்றாவது, ஒன்றின் மேலடுக்கை மற்றொன்று உரித்துவிடும் பெருநிறை இரட்டைகள். நான்காவது, சூரியனைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு நிறையுள்ள மீப்பெரு விண்மீன்கள். 2014-இல் டெனிசென்கோவும் ஹார்ட்விக்கும் முன்வைத்த இந்த யோசனையில் மக்னீசியம்-அலுமினிய மாற்றத்துக்கு வேண்டிய வெப்பம் இயல்பாகவே கிடைக்கிறது. அத்தகைய விண்மீன் இதுவரை கண்ணில் பட்டதில்லை என்பதே அதன் குறை.

நான்கையும் ஒருசேர நெருக்குவது நிறைக் கணக்கு. முதல் தொகுதியில் 100 பங்கு விண்மீன் பிறந்தால், இடைநிறை விண்மீன்கள் வழியே திரும்பக் கிடைக்கும் வாயு 10 பங்கைக்கூட எட்டாது. அதைக் கொண்டு முதல் தொகுதியைப் போல் இரு மடங்கான இரண்டாம் தொகுதியைப் படைக்க வேண்டும். கொத்து தொடக்கத்தில் பத்துமடங்குக்கு மேல் பெரிதாக இருந்து, முதல் தொகுதியையே பெருமளவு இழந்தது என்று சொல்லிச் சமாளிக்கலாம். அந்த வாதத்தை 2012-இல் லார்சன் குழுவினர் சோதித்தனர். ஃபார்னாக்ஸ் குறுமண்டலத்தில் இரும்பு மிகக் குறைந்த விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு இன்றும் கோளக் கொத்துகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அக்கொத்துகள் நான்கைந்து மடங்குக்கு மேல் பெரிதாக இருந்திருக்க முடியாது.

இளங்கொத்துகளும் தொலைவானமும்

முதல் தொகுதிக்கும் இரண்டாம் தொகுதிக்கும் இடையே எவ்வளவு காலம்? இடைநிறை விண்மீன்கள்தான் காரணமென்றால் 3 கோடி முதல் 10 கோடி ஆண்டு இடைவெளி வேண்டும். 1,200 கோடி ஆண்டு பழைய கொத்தில் இதை அளக்க வழியில்லை. பால்வழியின் துணை மண்டலங்களான மெகல்லன் மேகங்களில் இளைய கொத்துகள் உண்டு. 200 கோடி ஆண்டு வயதான என்ஜிசி 1978-இல் இரு தொகுதிகள் இருப்பதையும், அவற்றின் வயது வேறுபாடு அளவீட்டுப் பிழையான 2 கோடி ஆண்டுக்குள் சுழியத்தோடு ஒத்துப்போவதையும் மார்ட்டோக்கியா குழுவினர் 2018-இல் காட்டினர். நீண்ட இடைவெளி கேட்கும் கோட்பாடுகளுக்கு இது பெரும் நெருக்கடி.

அதே ஆய்வு வரிசை இன்னொரு விந்தையையும் தந்தது. 150 கோடி ஆண்டு வயதான என்ஜிசி 419-இன் செம்பெருமீன்களில் நைட்ரஜன் வேறுபாடு இல்லை. இரண்டாம் தொகுதி அங்கே பிறக்கவே இல்லையா? அவசரப்பட முடியாது. இளங்கொத்தின் செம்பெருமீன்கள் நிறை மிக்கவை; முதல் அள்ளல் அவற்றில் எல்லாவற்றின் நைட்ரஜனையும் உயர்த்தி, பிறவி வேறுபாட்டை மங்கச் செய்யும். 30 ஆண்டு வழக்காடிய அதே சிக்கல் புது வேடத்தில் திரும்பியிருக்கிறது: ஈட்டம் பிறவியை மறைக்கிறது.

தொலைவானத்திலிருந்தும் செய்தி வருகிறது. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 43 கோடி ஆண்டுக்குப் பின் இருந்த ஜிஎன்-இசட்11 மண்டலத்தின் நிறமாலையை எடுத்தது. அதில் ஆக்சிஜனுக்கு நைட்ரஜன் விகிதம் சூரியனைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். கோளக் கொத்துகளின் இரண்டாம் தொகுதியை நினைவூட்டும் விகிதம் இது; மீப்பெரு விண்மீன் கொள்கையினர் உடனே இதைத் தம் பக்கச் சான்றாக எடுத்துக்கொண்டனர். 2024-இல் அடாமோ குழுவினர், பெருவெடிப்புக்கு 46 கோடி ஆண்டுக்குப் பின்னான ஒரு மண்டலத்தில் மிக நெருக்கமான ஐந்து இளங்கொத்துகளைப் பிரித்துக் காட்டினர். கோளக் கொத்துகள் பிறக்கும் காலத்தை முதல்முறையாக நேரில் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

எஞ்சியிருக்கும் சோதனை

முடிந்துபோன வழக்குகளை முதலில் ஒதுக்கிவைக்கலாம். கார்பன் சரிவும், லித்தியம் இழப்பும், கார்பன்-13 பெருக்கமும் விண்மீன் தன் ஆயுளில் ஈட்டியவை. சோடியம், ஆக்சிஜன், மக்னீசியம், அலுமினியம், ஹீலியம் ஆகியவற்றின் வேறுபாடு பிறவியில் வந்தது. நைட்ரஜன் இரு கணக்கிலும் வரும். உலையின் வெப்பம் தெரியும். உலையின் உரிமையாளர் மட்டும் தெரியவில்லை.

முன்மொழியப்பட்ட ஒவ்வொரு விடையும் சில சான்றுகளோடு பொருந்தி, வேறு சிலவற்றோடு மோதுகிறது. இந்நிலையில் மாதிரிகளுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே போவதைவிட, 2001-இல் வழக்கைத் திருப்பிய முறையை இன்னொரு தலைமுறைக் கொத்துகளில் செய்துபார்ப்பதே பயன் தரும். 200 கோடி ஆண்டுக்குக் குறைந்த, நிறை மிக்க இளங்கொத்துகளில் செம்பெருமீன்களை விட்டுவிட்டு, மூப்படையாத முதன்மை வரிசை விண்மீன்களின் சோடியத்தையும் ஆக்சிஜனையும் அளக்க வேண்டும். மெகல்லன் மேகங்களின் தொலைவில் அவை மிகவும் மங்கியவை. சிலியில் கட்டப்பட்டுவரும் 39 மீட்டர் ஐரோப்பியத் தொலைநோக்கி போன்றவைதான் அந்த நிறமாலைகளை எட்டும். எதிர்மாறு உறவு அங்கே இருந்தால், இரண்டாம் தொகுதியின் பிறப்பு இன்றைய விண்வெளியிலும் நடக்கும் வேலை. உலையை நம் அண்டையிலேயே தேடலாம். இல்லாவிட்டால் அது தொல்லண்டத்துக்கே உரிய நிகழ்வு. தேடலை ஜேம்ஸ் வெப் காட்டும் தொலைவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டில் எதுவானாலும், இன்றைய நான்கு விடைகளில் சிலவாவது உதிர்ந்துவிடும்.